62 நிமிடம், 34 புள்ளி: பெஞ்சில் இருக்கும் பெண்ணின் ஆட்டத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகள் ஈப்போவில் தனியார் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு டிப்ளோமா படிக்கிறாள். கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். இடைநிலைப்பள்ளியில் வலைப்பந்தில் ஷூட்டராக இருந்தவள். பயிற்சி 5 முதல் 7 வரை; வீட்டுக்கு 30 கிலோமீட்டர் என்பதால் பஸ் பிடிக்க 6.30-க்கே கிளம்பிவிடுகிறாள். இந்தப் பருவத்தில் 8 ஆட்டம் முடிந்தது. அவளை மொத்தம் 62 நிமிடம்தான் இறக்கினார்கள். 34 புள்ளி அடித்திருக்கிறாள். அவள் இடத்தில் முதல் ஐவரில் ஆடும் பெண் 224 நிமிடம் ஆடி 72 புள்ளி. நிமிடக் கணக்குப் போட்டால் என் மகள்தானே மேல்? அணியில் நம் தமிழ்ப் பிள்ளை ஒருத்திதான், அதனால் உட்கார வைக்கிறார்களா? வேறு கல்லூரிக்கு மாற்றிவிடலாமா? என் தங்கை மகன் ஒவ்வோர் ஆட்டத்திலும் எழுதிய நோட்டைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பதில்: அக்கா, அந்த நோட்டு மட்டும் இல்லையென்றால் உங்கள் கேள்விக்கு யாராலும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. போட்டியின் ஸ்கோர் ஷீட்டில் யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற விவரமே இருக்காது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் முறைப்படி முதல் ஐவரின் பெயருக்கு எதிரே எக்ஸ் போட்டு அதை வட்டமிடுவார்கள். பெஞ்சில் இருந்து ஒருத்தி முதல் தடவை இறங்கும்போது வட்டமில்லாத சின்ன எக்ஸ். அவ்வளவுதான். அரை நிமிடம் நின்றவளுக்கும் இருபது நிமிடம் ஓடியவளுக்கும் ஒரே எக்ஸ். புள்ளி தெரியும், ஃபவுல் தெரியும். ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவிட்ட பாஸ்), பந்து பறிபோனது எதுவும் தெரியாது. நோட்டு எழுதிய தம்பி, உங்கள் தங்கை மகன், கடிகாரத்தில் பார்த்து மகள் இறங்கிய நேரம், வெளியே வந்த நேரம், அப்போதைய ஸ்கோர், ஃபவுல் விழுந்த நேரம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். சில தேசியப் போட்டிகளில்கூட இவ்வளவு பொறுமையாக எழுத ஆள் கிடைக்காது.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். புள்ளியை 40-ஆல் பெருக்கி, ஆடிய நிமிடத்தால் வகுத்தால் முழு ஆட்டத்துக்கு எவ்வளவு என்று வரும். மகளுக்கு 34 × 40 ÷ 62 = 21.9. அந்தப் பெண்ணுக்கு 72 × 40 ÷ 224 = 12.9. நீங்கள் கேட்டதில் தப்பில்லை. இந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். ஆனால் 62 நிமிடம் என்பது ஒன்றரை ஆட்டம். ஒன்றரை ஆட்டத்தை வைத்து எட்டு ஆட்டத்தை அளக்கும்போது ரெண்டு மூன்று ஷாட் உள்ளே போனதும் போகாததும் முடிவையே புரட்டிவிடும். மகள் போட்ட ரெண்டு மூன்று-புள்ளி ஷாட்டும் வளையத்தில் பட்டு வெளியே வந்திருந்தால் 21.9 என்பது 18-க்கு இறங்கியிருக்கும்.

அடுத்து, அந்த 62 நிமிடம் எப்போது கிடைத்தது என்று பாருங்கள். நோட்டின்படி ரெண்டு ஆட்டத்தில் உங்கள் அணி 30 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறது. அந்த ரெண்டில் மட்டும் மகள் 25 நிமிடம் ஆடி 19 புள்ளி எடுத்திருக்கிறாள். எதிரணியும் அப்போது தன் பெஞ்சை இறக்கியிருக்கும், தடுப்பு தளர்ந்திருக்கும். மீதி ஆறு ஆட்டத்தில் 37 நிமிடம், 15 புள்ளி. 40-க்கு 16.2. இன்னும் அந்தப் பெண்ணின் 12.9-ஐவிட மேல்தான். அதனால் உங்கள் மகளுக்குப் புள்ளி எடுக்கத் தெரியும் என்பதில் சந்தேகம் வேண்டாம். 25 ஷாட் எறிந்து 12 உள்ளே, அதில் ரெண்டு மூன்று-புள்ளி. மூன்று-புள்ளி ஷாட்டை ஒன்றரை மடங்காக எண்ணினால் (12 + 1) ÷ 25, அதாவது 52 சதவீதம். அந்தப் பெண் 67-இல் 29, மூன்று-புள்ளி 4, 46 சதவீதம். கை உங்கள் மகளுக்குத்தான் சுத்தம்.

பிறகு கோச் ஏன் உட்கார வைக்கிறார்? நோட்டில் யாரும் கூட்டிப் பார்க்காத பத்தி ஃபவுல் பத்திதான். 62 நிமிடத்தில் 15 ஃபவுல். 62-ஐ 15-ஆல் வகுத்தால் நாலு நிமிடம் எட்டு விநாடிக்கு ஒன்று. ஐந்தாவது ஃபவுலோடு வெளியே போக வேண்டும் என்பதால், இதே வேகத்தில் போனால் 21-ஆவது நிமிடத்தில் அவள் ஆட்டம் முடிந்துவிடும். கோச் மனது வைத்தாலும் 28 நிமிடம் கொடுக்கவே முடியாது. அந்தப் பெண் 224 நிமிடத்தில் 18 ஃபவுல். 12 நிமிடத்துக்கு மேல் தாங்குகிறாள். ஃபவுலின் செலவு செய்தவளோடு நிற்பதும் இல்லை. ஒரு குவார்ட்டரில் அணி நாலு ஃபவுலைத் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு ஷாட் எறியாத இடத்தில் தொட்டாலும் எதிரணிக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் ஒரு புள்ளி ஷாட்). உங்கள் மகள் மூன்று நிமிடத்தில் ரெண்டு ஃபவுல் வைத்துவிட்டு உட்கார்ந்தால், அந்தக் குவார்ட்டர் முடியும்வரை மற்ற நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு தடுக்க வேண்டியதுதான். பார்வையாளர் பகுதியில் இருந்து பார்த்தால் இது தெரியாது. கோச்சின் கண்ணில் இதுதான் முதலில் படும்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் விஷயம் சுவாரசியமாகிறது. தம்பி ஃபவுல் விழுந்த நேரத்தையும் எழுதியிருப்பதால் பிரித்துப் பார்க்க முடிகிறது. 15 ஃபவுலில் 9, அவள் உள்ளே இறங்கிய முதல் ஒரு நிமிடத்துக்குள் விழுந்தவை. 8 ஆட்டத்தில் அவளை 23 தடவை இறக்கியிருக்கிறார்கள். ஆக, முதல் நிமிடங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 23 நிமிடம். அதில் 9 ஃபவுல். மீதி 39 நிமிடத்தில் 6 மட்டும். அதாவது கால் சூடாகி ஆட்டத்துக்குள் வந்துவிட்டால் ஆறரை நிமிடத்துக்கு ஒன்று. அந்த வேகத்தில் 32 நிமிடம்கூட ஆடலாம். பெஞ்சில் இருந்து வந்த கையோடு செய்கிற ஃபவுல்கள்தான் அவளை விழுங்குகின்றன.

காரணம் புரியாததல்ல. 20 நிமிடம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கால், இறங்கியதும் அரை அடி தாமதமாக நகரும். எதிரில் உள்ளவள் ஏற்கெனவே வியர்த்து ஓடிக்கொண்டிருப்பவள். கால் எட்டாத இடத்துக்குக் கை போகும், நடுவர் ஊதுவார். உடனே கோச் வெளியே இழுப்பார். 62 நிமிடத்தை 23-ஆல் வகுத்தால் ஒரு தடவைக்குச் சராசரி 2 நிமிடம் 42 விநாடி. குறைந்த நேரம் என்பதால் முதல் நிமிடங்களே அதிகம். முதல் நிமிடங்கள் அதிகம் என்பதால் ஃபவுல் அதிகம். ஃபவுல் அதிகம் என்பதால் குறைந்த நேரம். இந்தச் சுழலில் கோச்சுக்கும் பங்கு உண்டு. ஓர் ஆட்டத்தில் மூன்று தடவை இரண்டரை நிமிடம் கொடுப்பதைவிட ரெண்டு தடவை நாலு நிமிடம் கொடுப்பது எந்த மாற்று ஆட்டக்காரிக்கும் நல்லது. ஒரு தப்புக்கு உடனே வெளியே என்ற பழக்கம் பெஞ்சைப் பயந்தாங்கொள்ளி ஆக்கிவிடும். இதைக் கோச்சிடம் எப்படிச் சொல்வது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ரெண்டாவது பத்தி, பந்து பறிபோனது. 62 நிமிடத்தில் 14. அந்தப் பெண் 224 நிமிடத்தில் 16. இது புள்ளியை எப்படித் தின்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் ஆட்டக்காரி செலவழித்த வாய்ப்பு = எறிந்த ஷாட் + ஃப்ரீ த்ரோ × 0.44 + பறிகொடுத்த பந்து. (ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் ரெண்டு ரெண்டாக வரும், சில சமயம் ஷாட்டோடு சேர்ந்து ஒன்றாக வரும், அதனால்தான் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக 0.44.) மகள்: 25 ஷாட், 10 ஃப்ரீ த்ரோ, 14 பறிகொடுத்தது; மொத்தம் 43.4 வாய்ப்பு. 34 புள்ளியை அதனால் வகுத்தால் ஒரு வாய்ப்புக்கு 0.78. அந்தப் பெண்: 67 ஷாட், 17 ஃப்ரீ த்ரோ, 16 பறிகொடுத்தது, 90.5 வாய்ப்பு, 72 புள்ளி, 0.80. ஷாட் சதவீதத்தில் ஆறு சதவீதம் முன்னால் நின்றவள், பந்தைப் பறிகொடுத்ததில் அத்தனையையும் இழந்து ஒரு முடி பின்னால் நிற்கிறாள். அந்த 14 பாதியாகி 7 ஆனால் 0.93. அந்த எண்ணிக்கை வந்தபிறகும் உட்கார வைத்தால் நானே உங்களோடு சேர்ந்து கேட்பேன்.

எல்லாவற்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் எளிய முறையும் உண்டு. புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (எதிரணியின் பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிரணியின் ஷாட்டைத் தட்டிவிடுவது) இவற்றைக் கூட்டி, தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, பறிகொடுத்த பந்து இவற்றைக் கழிப்பது. மகளுக்கு 34 + 14 + 3 + 6 + 0 − 13 − 2 − 14 = 28; 40 நிமிடத்துக்கு 18.1. அந்தப் பெண்ணுக்கு 72 + 61 + 19 + 14 + 5 − 38 − 7 − 16 = 110; 40 நிமிடத்துக்கு 19.6. வித்தியாசம் சின்னது. ஆனால் இந்த முறையில் ஃபவுலுக்குக் கழிவே இல்லை. சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். அந்தப் பெண்ணின் 61 ரீபவுண்டையும் லேசாக எண்ணாதீர்கள். ஆட்டத்துக்கு ஏழரை. ஷாட் எறிந்தவுடன் ஆளைப் பின்னால் தள்ளி இடம் பிடிக்கத் தெரிந்தவளைக் கோச் எளிதில் வெளியே எடுக்கமாட்டார்.

உங்கள் மகள் இடைநிலைப்பள்ளியில் வலைப்பந்தில் ஷூட்டர் என்று எழுதியிருந்தீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் இந்த வழியாகத்தான் கூடைப்பந்துக்கு வருகிறார்கள். வலைப்பந்து வளையமும் கூடைப்பந்து வளையமும் ஒரே உயரம், 3.05 மீட்டர். பின்பலகை இல்லாமல் எறிந்து பழகிய கை என்பதால் ஷாட் நன்றாக இருக்கும். ஆனால் வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவளிடம் இருந்து தடுப்பவள் 0.9 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதும் கிடையாது. மூன்று விநாடிக்குள் கை மாற்ற வேண்டும். கூடைப்பந்தில் தடுப்பவள் மார்போடு மார்பாக வந்து நிற்பாள். அந்த நெருக்கத்தில் வலைப்பந்துப் பழக்கம் உள்ளவள் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆள் தேடுவாள். அதைத் தட்டிவிடுவதோ, தூக்கி எறிந்த பாஸை வெட்டுவதோ சுலபம். நோட்டில் 14-இல் 8-க்குப் பக்கத்தில் தம்பி ‘பாஸ்’ என்றும் 4-க்குப் பக்கத்தில் ‘ட்ராவல்’ (பந்தைத் தட்டாமல் நடந்தது) என்றும் எழுதியிருக்கிறார். பொருந்துகிறது.

இதற்குப் பயிற்சி எளிது. சலிக்காமல் செய்வதுதான் கஷ்டம். தோட்டத்து சிமெண்டுத் தளமே போதும். பெண்களுக்கான 6-ஆம் எண் பந்து வாங்குங்கள்; அண்ணன் தம்பி வைத்திருக்கும் 7-ஆம் எண் பந்தில் பழகினால் கை அளவு மாறிவிடும். ஒருவர் முன்னால் ஒட்டி நின்று ரெண்டு கையாலும் பந்தைத் தொட முயல வேண்டும். மகள் ஒரு காலை ஊன்றி, மறுகாலால் முன்னும் பின்னும் திரும்பி, பந்தை இடுப்புக்குக் கீழே ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கம் வீசிக் காக்க வேண்டும். 5 விநாடி தாக்குப்பிடித்து முழங்கால் உயரத்துக்கு மேலே போகாத பாஸ் ஒன்று. இப்படி 10, பிறகு ஊன்றும் காலை மாற்றி 10. அடுத்து, ஆறு அடி அகலத்துக்கு ரெண்டு கோடு கிழித்து, அந்தச் சந்துக்குள் ஒருவர் தடுக்க, இடது கையால் மட்டும் 15 மீட்டர் பந்தைக் கொண்டுபோவது, 8 தடவை. எல்லாம் சேர்த்து 20 நிமிடம், வாரத்துக்கு நாலு நாள். எத்தனை தடவை பறிபோனது என்று எண்ணி எழுத வேண்டும். எண்ணாவிட்டால் அது விளையாட்டு, பயிற்சி இல்லை.

ஃபவுலுக்கு வேறு மருந்து. ரெண்டு கையிலும் ஒரு டென்னிஸ் பந்தைப் பிடித்துக்கொண்டு தடுப்பு ஆட வேண்டும்; பிடிக்கவும் தட்டவும் முடியாதபோது கால் தானாக வேலை செய்யும். நாலு மீட்டர் தூரத்தில் இருந்து பந்து வைத்திருப்பவளை நோக்கி ஓடி, கடைசி மூன்று அடியைச் சின்னதாக வைத்து நின்று, ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பது. 6 தடவை, 3 சுற்று. ஓடிவந்த வேகத்திலேயே மோதுவதுதான் மாற்று ஆட்டக்காரிகளின் வழக்கமான ஃபவுல்.

பெஞ்சில் என்ன செய்வது என்பதைப் பெரும்பாலான கல்லூரி அணிகளில் யாரும் சொல்லிக்கொடுப்பதே இல்லை. ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் ஓடுவார்கள், பிறகு முழுக் குவார்ட்டரும் சிலைபோல உட்காருவார்கள். கால் மணி நேரத்தில் தசையின் சூடு நன்றாக இறங்கிவிடும். குவார்ட்டர் இடைவெளி 2 நிமிடம். அதில் ஸ்கிப்பிங் அல்லது குதிகால் தூக்கி ஓடுவது 60 விநாடி. அரைநேர இடைவெளி ஃபிபா விதியில் 15 நிமிடம், உள்ளூர்ப் போட்டிகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. எவ்வளவாக இருந்தாலும் கடைசி மூன்று நிமிடம் முழு வேக ஓட்டத்துக்கும் பக்கவாட்டு நகர்வுக்கும். ஆட்டம் நடக்கும்போது பெஞ்ச் பகுதியை விட்டு வெளியேறாமல் நின்று குனிந்து நிமிரலாமா என்று நடுவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒதுங்கிய மூலையில் அனுமதிப்பவர்கள் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது கண் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பந்தைப் பார்க்கக்கூடாது; தான் தடுக்கப்போகிற பெண்ணைப் பார்க்க வேண்டும். எந்தக் கைக்காரி, எறிவதற்கு முன் எத்தனை தடவை பந்தைத் தட்டுகிறாள், ஸ்கிரீனில் (தோழி ஒருத்தி வழிமறித்து நிற்கும்போது) எந்தப் பக்கம் திரும்புகிறாள். இந்த மூன்றும் தெரிந்து இறங்கினால் முதல் நிமிட ஃபவுல் பாதியாகும். இன்னொரு சின்ன விஷயம்: மாற்று கேட்க ஆட்டக்காரியே மேசைக்குப் போக வேண்டும் என்பது விதி. கோச் கூப்பிட்ட பிறகு மேல்சட்டையைக் கழற்றி, ஷூ லேஸ் கட்டிப் புறப்படுகிறவள் அடுத்த விசில் வரும்வரை மேசையில் காத்துக் கிடப்பாள். அப்படிப் போகிற ஒரு நிமிடம் அவள் கணக்கில்தான் குறையும்.

குறைந்த நிமிடம் ஆடுகிறவளுக்கு உடல் வலுவும் மெல்ல இறங்கும். ஆட்டத்தில் ஓடாத ஓட்டத்தை வேறெங்காவது ஓடியாக வேண்டும். ஆட்டம் முடிந்த மறுநாள், அதிகம் ஆடியவர்கள் ஓய்வெடுக்கும்போது, பெஞ்ச் பிள்ளைகளுக்கு அரைக் கோர்ட்டில் மூன்றுக்கு மூன்று, 4 நிமிடம் ஆட்டம் 2 நிமிடம் ஓய்வு என்று நாலு சுற்று வைத்தால் போதும். இதோடு, குதித்து இறங்கும் முறை. கூடைப்பந்தில் பெண்களுக்கு முழங்காலின் முன் தசைநார் அறுவது ஆண்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல். அதுவும் யாரும் மோதாமல், குதித்து இறங்கும்போதோ சட்டெனத் திரும்பும்போதோதான் அதிகம். ரெண்டு காலிலும், முழங்கால் உள்பக்கம் சாயாமல், மடக்கி இறங்கப் பழக்கும் 15 நிமிட சூடேற்றத்தை வாரம் ரெண்டு மூன்று தடவை செய்தால் ஆபத்து நன்றாகக் குறையும். மூன்றாவது குவார்ட்டரில் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது. காற்றோட்டம் இல்லாத டேவானில் (மண்டபத்தில்) ஆடும் நாளில் பெஞ்சில் இருப்பவளும் வியர்ப்பாள். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை சில மடக்குத் தண்ணீர் அவளுக்கும் வேண்டும்.

இப்போது நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது. நம் நாட்டில் கூடைப்பந்து சீனப் பள்ளிகளில் வளர்ந்த ஆட்டம். அணியில் மற்றவர்கள் பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்து ஒன்றாக ஆடி வந்தவர்களாக இருக்கலாம். பாரபட்சம் இல்லை என்று இங்கிருந்து நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது. நோட்டில் அணியின் மற்ற பெஞ்ச் பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள். நாலு நிமிடத்துக்கு ஒரு ஃபவுல் வைக்கிற இன்னொருத்திக்கு இவளைவிட அதிக நிமிடம் கிடைத்தால், அப்போது கேள்வி எழுப்ப இடம் உண்டு. அதற்கு முன் ரெண்டு விஷயத்தைச் சரிபாருங்கள். ஒன்று, தடுப்பில் ஒருவருக்கொருவர் கத்துவது எந்த மொழியில்? மாண்டரினில் ‘ஸுவோ’ என்றால் ஸ்கிரீன் இடப்பக்கம், ‘யோ’ வலப்பக்கம், ‘ஹுவான்’ என்றால் ஆள் மாற்று. இப்படிப் பத்துச் சொல் தெரியாததால் அரை விநாடி பிந்தி ஃபவுல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமையில் கற்றுக்கொள்ளலாம். ரெண்டு, பஸ். பயிற்சி 5 முதல் 7 வரை, வீட்டுக்கு 30 கிலோமீட்டர் என்பதால் இவள் 6.30-க்கே கிளம்பிவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பொதுவாக எந்த அணியிலும் தனித்தனிப் பயிற்சி முதலில், ஐந்துக்கு ஐந்து தடுப்புப் பயிற்சி கடைசியில். ஆக, ஷாட் பயிற்சி முழுதும் இருக்கிறாள். அணியாகத் தடுப்பது எப்படி என்று பழகும் அரை மணி நேரத்தில் இல்லை. அவளுடைய எண்களும் அப்படியே இருக்கின்றன பாருங்கள். வாரத்துக்கு ரெண்டு நாளாவது தோழி வீட்டில் தங்கவோ, யாராவது மோட்டாரில் போய் அழைத்துவரவோ முடிந்தால், நிமிடம் கூடுவதற்கு மற்ற எல்லா யோசனையையும்விட அதுதான் சீக்கிரம் பலன் தரும்.

நிமிடங்களைப் பங்கு வைப்பதும் கோச்சுக்குச் சுலபமில்லை. 40 நிமிடம், ஐந்து பேர்: மொத்தம் 200 நிமிடம். முதல் ஐவருக்கு 28 வீதம் கொடுத்தாலே 140 போய்விடும். மீதி 60-ஐ ஏழு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு எட்டரை. உங்கள் மகளுக்குக் கிடைப்பது ஏறத்தாழ அதே அளவுதான். 7 நிமிடம் 45 விநாடி. நல்ல கோச்சுகள் சமமாகப் பிரிப்பதில்லை. மூன்று பேருக்கு 15 வீதம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வார்கள். அந்த மூவரில் ஒருத்தியாவதுதான் இவளுக்கு அடுத்த படி.

திட்டமிட்ட பெஞ்ச் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் 2024 இறுதி ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 7, கிளீவ்லாந்தில் சவுத் கரோலைனாவும் அயோவாவும். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் முதல் குவார்ட்டரிலேயே 18 புள்ளி அடித்தார். ஆனால் ஆட்டம் சவுத் கரோலைனாவுக்கு 87-75. பெஞ்சில் இருந்து வந்தவர்களின் புள்ளியை மட்டும் எடுத்தால் 37-0. அந்த அணியில் அன்று அதிகப் புள்ளி எடுத்தவரே பெஞ்சில் இருந்து வந்த முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன், 19. சவுத் கரோலைனா கோச் டான் ஸ்டேலி பருவம் முழுக்கப் பெஞ்சுக்கு நிமிடம் கொடுத்துப் பழக்கியிருந்தார். 38 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தோற்கவில்லை. அங்கேயும் 2015-16-இல் இருந்து பெண்களுக்கு 10 நிமிடக் குவார்ட்டர் நான்குதான். ஆனால் அங்கத்திய எண்களை உங்கள் நோட்டோடு நேராக ஒப்பிடாதீர்கள்: அங்கே ஷாட் கிளாக் (ஷாட் எறிய உள்ள நேர வரம்பு) 30 விநாடி, ஃபிபாவில் 24. ஒரே நிமிடத்தில் வாய்ப்பின் எண்ணிக்கை மாறும். உங்கள் போட்டிகளில் சில ஓடும் கடிகாரத்தில் நடந்திருந்தால் அவற்றையும் தனியாக வையுங்கள். பந்து வெளியே போனாலும் நிற்காத கடிகாரத்தில் 10 நிமிடம் என்பது 10 நிமிட ஆட்டம் இல்லை.

தம்பியின் நோட்டில் இன்னும் ஒரு பத்தி சேர்க்கலாம்: இவள் உள்ளே இருக்கும்போது கூட யார் நாலு பேர். இப்போதுள்ளதை வைத்து ஒன்று பாருங்கள். ஐந்தாவது ஆட்டம், ரெண்டாவது குவார்ட்டர் (கடிகாரம் 10-இல் இருந்து கீழே இறங்கும்): 8:15-இல் இறங்கியபோது 18-20, 4:40-இல் வெளியே வந்தபோது 22-31. மூன்றரை நிமிடத்தில் ஏழு புள்ளி சரிவு. பார்த்தால் இவள் தலையில்தான் விழும். ஆனால் அதே 8:15-இல் பாயிண்ட் கார்டும் வெளியே போயிருக்கிறாள் என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். பந்தைக் கொண்டுவரத் தெரிந்தவள் இல்லாத நேரத்தில் இறங்கினால், வலைப்பந்துப் பழக்கம் உள்ள கைக்கு நெருக்கடி ரெண்டு மடங்கு. இதுபோல எத்தனை தடவை என்று எண்ணுங்கள். பாயிண்ட் கார்டோடு சேர்ந்து ஆடிய நிமிடங்களில் பறிபோன பந்து குறைவாக இருந்தால், கோச்சிடம் சொல்ல உங்கள் கையில் உருப்படியான விஷயம் இருக்கிறது.

சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, மகள். ஆட்டம் நடக்கும் நாளிலும் வேண்டாம். பயிற்சி நாளில், பத்து நிமிடம் முன்னதாகப் போய். ‘ஏன் என்னை இறக்கவில்லை’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ‘சார், நான் இறங்கிய முதல் நிமிடத்தில்தான் ஃபவுல் அதிகம், 15-இல் 9. அதைச் சரிசெய்யப் பார்க்கிறேன். அடுத்த ரெண்டு ஆட்டத்தில் முதல் பாதியில் ஒரே தடவையாக நாலு நிமிடம், பாயிண்ட் கார்டு உள்ளே இருக்கும்போது கொடுத்துப் பார்க்க முடியுமா?’ இப்படிக் கேட்கிற பிள்ளையை மறுக்கக் கோச்சுக்கு மனது வராது. மறுத்தாலும் காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணமே அடுத்த மாதப் பயிற்சி.

கல்லூரி மாற்றுவது பற்றி: அமெரிக்காவில் 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு நிமிடம் தேடிக் கல்லூரி மாறுவது சாதாரணமாகிவிட்டது. அங்கே விளையாட்டுக்கு உதவித்தொகை இருக்கிறது. இங்கே மகளுக்கு மிச்சம் ஓர் ஆண்டு டிப்ளோமா. பி.டி.பி.டி.என். அரசுக் கல்விக் கடன் என்னாகும், எத்தனை பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும், போட்டி ஏற்பாட்டாளர் இடையில் மாறிய மாணவியை அந்தப் பருவத்திலேயே ஆட விடுவாரா என்று மூன்றையும் எழுத்தில் வாங்காமல் ஒரு பாரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். என்னைக் கேட்டால், பஸ் நேரத்தைச் சரிசெய்து இன்னும் நாலு ஆட்டம் பாருங்கள். ஃபவுல் ஏழு நிமிடத்துக்கு ஒன்றாகக் குறைந்து, ஆட்டத்துக்கு 8 நிமிடத்திலேயே நின்றால் அந்த நாலு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.